நிகழ்படத் தரத் தேர்வு

நிகழ்படத் தரத் தேர்வு என்பது, இணையம் வழியாக நிகழ்படங்களைக் காட்டும் செயலி ஒன்றில் படம் எந்தத் தரத்தில் தோன்ற வேண்டும் என்பதைப் பயனரே தீர்மானிக்க உதவும் வசதி ஆகும். அவ்வசதியைச் செயற்படுத்தும் நிரலின் வடிவமைப்பும் இத்தலைப்பில் அடங்கும். வீடியோ, காணொளி ஆகிய சொற்களும் நிகழ்படத்தைக் குறிக்க வழங்குகின்றன. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளில் "144பி", "480பி", "1080பி", "தானியங்கி", "தரவுச் சேமிப்பு" என்றெல்லாம் காணப்படும் தெரிவுகள் இவ்வசதியின் வெளித்தோற்றமே.

வெளியிலிருந்து பார்க்கும்போது இது ஒரு சிறிய பட்டியல் மட்டுமே. ஆனால் அப்பட்டியலுக்குப் பின்னால், பயனரின் விருப்பம், இணைப்பின் வேகம், கருவியின் திறன், உரிமக் கட்டுப்பாடு, தரவுக் கட்டணம் என ஒன்றோடொன்று முரண்படக்கூடிய பல காரணிகளை நிரல் இணக்கப்படுத்த வேண்டியுள்ளது. இதில் நேரும் பிழை, படம் அடிக்கடி நின்றுபோவதில் முடியலாம். அல்லது பயனர் விலைகொடுத்து வாங்கிய தரவு அவர் அறியாமலேயே தீர்ந்துபோவதில் முடியலாம்.

அடிப்படைக் கருத்துகள்

பிரிதிறன்

நிகழ்படத்தின் ஒவ்வொரு சட்டகமும் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. அகலவாக்கிலும் உயரவாக்கிலும் உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கையே பிரிதிறன் ஆகும். "720பி" என்பதில் உள்ள எண் உயரத்தைக் குறிக்கிறது. 1280×720 அளவுள்ள சட்டகத்தில் 9,21,600 படப்புள்ளிகளும், 1920×1080 அளவுள்ளதில் 20,73,600 படப்புள்ளிகளும், 4கே எனப்படும் 3840×2160 அளவுள்ளதில் 82,94,400 படப்புள்ளிகளும் உள்ளன. உயரம் இரு மடங்காகும்போது படப்புள்ளிகள் நான்கு மடங்காகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

பிட் வீதம்

ஒரு நொடி நிகழ்படத்தைச் சேமிக்கச் செலவாகும் பிட்டுகளின் எண்ணிக்கை பிட் வீதம் எனப்படும். பயனரின் தரவுக் கணக்கிலிருந்து கழிவது பிரிதிறன் அன்று, பிட் வீதமே. நொடிக்கு 1 மெகாபிட் என்னும் வீதத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 450 மெகாபைட் செலவாகும் (10,00,000 பிட் × 3600 நொடி ÷ 8). இதன்படி சில பிட் வீதங்களுக்கான செலவு பின்வருமாறு அமையும்:

- நொடிக்கு 0.3 மெகாபிட்: மணிக்கு 135 மெகாபைட்
- நொடிக்கு 0.7 மெகாபிட்: மணிக்கு 315 மெகாபைட்
- நொடிக்கு 1.2 மெகாபிட்: மணிக்கு 540 மெகாபைட்
- நொடிக்கு 2.5 மெகாபிட்: மணிக்கு 1125 மெகாபைட்
- நொடிக்கு 5 மெகாபிட்: மணிக்கு 2250 மெகாபைட்
- நொடிக்கு 15 மெகாபிட்: மணிக்கு 6750 மெகாபைட்

ஒரே பிரிதிறனுக்கு வெவ்வேறு பிட் வீதங்கள் இருக்கலாம். அசைவு குறைந்த வகுப்பறை விரிவுரைக்குப் போதுமான பிட் வீதம், வேகமான கால்பந்தாட்டத்திற்குப் போதாது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டின் இறுதியில், ஒவ்வொரு படைப்பின் சிக்கல்தன்மைக்கும் ஏற்பத் தனித்தனியே பிட் வீதங்களை வகுக்கும் முறையை அறிவித்தது. யூடியூப் 2023ஆம் ஆண்டில், அதே 1080பி பிரிதிறனைக் கூடுதல் பிட் வீதத்துடன் கட்டணச் சந்தாதாரர்களுக்கு வழங்கத் தொடங்கியது. எனவே உயரத்தைக் குறிக்கும் எண் மட்டுமே தரத்தின் முழு அளவுகோல் ஆகாது.

கோடெக்

நிகழ்படத்தைச் சுருக்கிக் குறியாக்கம் செய்யவும், மீண்டும் விரித்துக் குறிநீக்கம் செய்யவும் பயன்படும் முறை கோடெக் எனப்படும். 2003இல் வெளிவந்த எச்.264, 2013இல் வெளிவந்த எச்இவிசி மற்றும் விபி9, 2018இல் வெளிவந்த ஏவி1 ஆகியன பரவலாக அறியப்பட்டவை. புதிய கோடெக்குகள் அதே தோற்றத்தைக் குறைந்த பிட் வீதத்தில் தரவல்லன. ஆயினும் அவற்றைக் குறிநீக்கம் செய்யும் வன்பொருள் இல்லாத கருவியில் அப்பணி மென்பொருளால் செய்யப்படுவதால் மின்கலம் விரைவில் தீரும், சட்டகங்களும் விடுபடலாம்.

வரலாறு

ஒரே நிகழ்படத்தைப் பல தரங்களில் ஆயத்தமாக வைத்திருக்கும் எண்ணம் தொலைபேசிவழி இணையக் காலத்திலேயே தோன்றிவிட்டது. ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் 1998இல், பல பிட் வீதங்களை ஒரே கோப்பில் அடக்கி, இணைப்பின் வேகத்திற்கேற்ப மாறிக்கொள்ளும் ஷூர்ஸ்ட்ரீம் என்னும் நுட்பத்தை அறிமுகப்படுத்தியது. அக்காலத்துப் பல இணையத்தளங்களில் "மோடம்", "அகலப்பட்டை" என இரு தனித்தனி இணைப்புகளைத் தந்து, பயனரையே தெரிவுசெய்யச் சொல்லும் வழக்கமும் இருந்தது.

2005இல் தொடங்கப்பட்ட யூடியூப், முதலில் குறைந்த பிரிதிறன் ஒன்றையே வழங்கியது. 2008இன் இறுதியில் 720பி, 2009இல் 1080பி, 2010இல் 4கே என அடுத்தடுத்துத் தரங்கள் சேர்ந்தபோது, அவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் பட்டியலும் இன்றியமையாததாயிற்று.

இதே காலப்பகுதியில், நிகழ்படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, வழக்கமான எச்டிடிபி நெறிமுறை வழியாகவே அனுப்பும் முறைகள் வளர்ந்தன. மைக்ரோசாஃப்ட் 2008இல் ஸ்மூத் ஸ்ட்ரீமிங் என்பதையும், ஆப்பிள் 2009இல் எச்எல்எஸ் என்பதையும் வெளியிட்டன. 2012இல் எம்பெக்-டேஷ் என்னும் பன்னாட்டுச் சீர்தரம் வெளியானது. எச்எல்எஸ் முறையின் விளக்கம் 2017இல் ஆர்எஃப்சி 8216 ஆக வெளியிடப்பட்டது. உலாவிக்குள் இம்முறைகளை நிரலாக்க வழிசெய்யும் ஊடக மூல நீட்சிகள் 2016இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரை ஆயின.

தகவமைவு ஓடையாக்கம் செயற்படும் முறை

தரத் தேர்வு நிரலைப் புரிந்துகொள்ள, அது அமர்ந்திருக்கும் அடித்தளத்தை முதலில் அறிதல் வேண்டும். வழங்கியில் ஒரே நிகழ்படம் பல தரங்களில் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். இத்தரங்களின் வரிசை "பிட் வீத ஏணி" எனப்படுகிறது. ஏணியின் ஒவ்வொரு படியும் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். எந்தப் படி எந்தப் பிரிதிறன், எந்தப் பிட் வீதம், எந்தக் கோடெக் கொண்டது என்பதையும், துண்டுகளின் முகவரிகளையும் ஒரு பட்டியல் கோப்பு தெரிவிக்கும்.

செயலியில் உள்ள ஊடக இயக்கி இப்பட்டியலைப் படித்து, ஒவ்வொரு துண்டையும் எந்தப் படியிலிருந்து பெறுவது எனத் தீர்மானிக்கிறது. பெறப்பட்ட துண்டுகள், காட்டப்படும் வரை இடையகம் என்னும் தற்காலிக நினைவகத்தில் காத்திருக்கும். தானியங்கித் தீர்மானத்திற்கு இருவகைப் படிமுறைகள் பயன்படுகின்றன. முதல் வகை, அண்மையில் பெற்ற துண்டுகளின் வேகத்தை அளந்து அதற்குள் அடங்கும் படியைத் தெரிவுசெய்யும். இரண்டாம் வகை, இடையகத்தில் எத்தனை நொடிகள் மீதமுள்ளன என்பதைக் கொண்டு முடிவெடுக்கும். இடையகம் நிரம்பியிருந்தால் மேற்படிக்கு ஏறும், வறண்டால் கீழிறங்கும். இன்றைய இயக்கிகள் பலவும் இவ்விரண்டையும் கலந்தே பயன்படுத்துகின்றன.

ஒவ்வொரு துண்டும் பிற சட்டகங்களைச் சாராத முதன்மைச் சட்டகம் ஒன்றுடன் தொடங்கும். எல்லாப் படிகளிலும் துண்டுகளின் எல்லைகள் ஒரே நேரப்புள்ளியில் அமைந்தால்தான் ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்குத் தடையின்றித் தாவ இயலும். ஆகவே பயனர் எந்தக் கணத்தில் தெரிவை மாற்றினாலும், மாற்றம் துண்டு எல்லையில்தான் நிகழும்.

நிரல் வடிவமைப்பு

விருப்பமும் நடப்புத் தரமும்

இவ்வடிவமைப்பின் முதன்மை விதி, பயனர் கேட்டதையும் இயக்கி தற்போது காட்டுவதையும் இரு வேறு மாறிகளாக வைத்திருப்பது ஆகும். முதலாவது "விருப்பம்", இது பயனரின் செயலால் மட்டுமே மாற வேண்டும். இரண்டாவது "நடப்புத் தரம்". இது இயக்கி தெரிவிக்கும் நிகழ்வுகளால் மட்டுமே மாற வேண்டும். இரண்டையும் ஒரே மாறியில் வைத்தால், இணைப்பு சற்று நலிந்து இயக்கி 360பி தரத்துக்கு இறங்கும்போது, பயனரின் விருப்பமே 360பி என்று பதிவாகிவிடும். இணைப்பு சீரடைந்த பின்னரும் படம் மங்கலாகவே தொடரும். பயனருக்குக் காரணம் புரியாது.

விருப்பத்தைச் சேமித்தல்

விருப்பத்தை ஏணியின் படி எண்ணாகச் சேமிப்பது பரவலாகக் காணப்படும் பிழையாகும். ஒரு நிகழ்படத்தின் ஏணி 144, 240, 360, 480, 720 என இருப்பதாகக் கொள்வோம். தரவைச் சிக்கனப்படுத்த விரும்பும் பயனர் 480பி தரத்தைத் தெரிவுசெய்கிறார். நிரல் "நான்காம் படி" எனச் சேமிக்கிறது. அடுத்த நிகழ்படத்தின் ஏணி 360, 720, 1080, 2160 என இருந்தால், நான்காம் படி 4கே ஆகிவிடும். மேலே தந்த கணக்கின்படி, மணிக்கு 540 மெகாபைட் செலவாகவேண்டிய இடத்தில் 6750 மெகாபைட் வரை செலவாகக்கூடும்.

எனவே விருப்பம், ஏணியைச் சாராத பொருள் உடையதாக இருக்க வேண்டும். அது பொதுவாகப் பின்வரும் வகைகளுள் ஒன்றாகும்:

- தானியங்கி: வரம்பு ஏதுமின்றி இயக்கியே முடிவெடுத்தல்
- தரவுச் சேமிப்பு: செயலி வகுத்த குறைந்த பிட் வீத வரம்புக்குள் இயக்கி முடிவெடுத்தல்
- உயர்தரம்: இயன்றவரை மேற்படிகளையே நாடுதல்
- உச்சவரம்பு: குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் செல்லாதிருத்தல்
- நிலையான தரம்: குறிப்பிட்ட உயரத்திலேயே நிற்றல்

கடைசி இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறானவை. "480பி" என்பதைத் தெரிவுசெய்தவர், இணைப்பு நலியும்போது 240பி தரத்திற்கு இறங்க உடன்படுகிறாரா, அன்றிப் படம் நின்றாலும் 480பி தரத்திலேயே பார்க்க விரும்புகிறாரா என்பதைச் செயலி முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ள வேண்டும். தரவுச் செலவே கவலையெனில் உச்சவரம்பு பொருந்தும். கரும்பலகையில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டிய மாணவருக்கு நிலையான தரமே பொருந்தும்.

நெடுவாக்கில் எடுக்கப்பட்ட நிகழ்படங்களில் உயரம் அகலத்தை விடக் கூடுதலாக இருக்கும். 1080×1920 அளவுள்ள படத்தை உயரத்தைக் கொண்டு ஒப்பிட்டால், 1080பி வரம்பு அதனை விலக்கிவிடும். இதனைத் தவிர்க்க, இரு பக்கங்களுள் சிறியதை ஒப்பிடுதல் நன்று.

முன்னுரிமை வரிசை

ஒரே நேரத்தில் பல விருப்பங்கள் நடைமுறையில் இருக்கலாம். அவற்றுள் எது வெல்லும் என்பதை நிரலில் ஓரிடத்தில் மட்டுமே எழுதிவைத்தல் வேண்டும். பொதுவான வரிசை பின்வருமாறு:

1. இப்போது பார்க்கும் நிகழ்படத்திற்காகப் பயனர் செய்த தெரிவு
2. நடப்பு வலையமைப்பு வகைக்காக (வை-ஃபை, செல்பேசி) அமைவுப் பக்கத்தில் செய்த தெரிவு
3. கணக்கு முழுமைக்குமான தெரிவு
4. செயலியின் இயல்பிருப்பு, அதாவது தானியங்கி

முதல் வகைத் தெரிவு எவ்வளவு காலம் நிலைக்க வேண்டும் என்பதும் வடிவமைப்பு முடிவே. ஒரு முக்கியமான காட்சிக்காக ஒருமுறை 1080பி தெரிவுசெய்தவர், அதன் பின்னர் வரும் எல்லா நிகழ்படங்களையும் அத்தரத்திலேயே பார்க்க விரும்பினார் எனக் கொள்ள முடியாது. யூடியூப் தனது செல்பேசிச் செயலியில் 2021இல் செய்த மாற்றம் இங்கு குறிப்பிடத்தக்கது. நிகழ்படத்தின் மேல் உள்ள பட்டியலில் "தானியங்கி", "உயர் படத்தரம்", "தரவுச் சேமிப்பு" ஆகியவற்றை முன்வைத்து, எண்களால் ஆன பட்டியலை "மேம்பட்டவை" என்னும் உட்பிரிவுக்குள் அது நகர்த்தியது. எல்லா நிகழ்படங்களுக்குமான இயல்பிருப்பு, வை-ஃபைக்கும் செல்பேசி வலையமைப்புக்கும் தனித்தனியே அமைவுப் பக்கத்தில் வைக்கப்பட்டது.

தீர்மானிக்கும் செயற்கூறு

விருப்பம் எதுவாயினும், சில வரம்புகளை மீற முடியாது. கருவியால் குறிநீக்கம் செய்ய இயலாத படிகள், உரிமப் பாதுகாப்பு அனுமதிக்காத படிகள், பயனரின் சந்தாவில் அடங்காத படிகள் ஆகியன முதலிலேயே நீக்கப்பட வேண்டும். தீர்மானிக்கும் செயற்கூறு பின்வரும் படிநிலைகளில் இயங்கும்:

1. பட்டியல் கோப்பிலிருந்து எல்லாப் படிகளையும் எடுத்துக்கொள்க.
2. கருவி, உரிமம், சந்தா ஆகியவை அனுமதிக்காத படிகளை நீக்குக.
3. மீதமுள்ளவற்றுள் விருப்பத்தின் வரம்பை மீறாத படிகளைத் தெரிவுசெய்க.
4. அவ்வாறு எதுவும் இல்லையெனில், மீதமுள்ளவற்றுள் மிகக் குறைந்த படியை மட்டும் வைத்துக்கொள்க.
5. விருப்பம் நிலையான தரமெனில், தெரிவானவற்றுள் மிக உயர்ந்த படியை மட்டும் வைத்துக்கொள்க.
6. எஞ்சிய படிகளையும், முடிவுக்கான காரணத்தையும் திருப்பி அனுப்புக.

எஞ்சிய படிகள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால், அவற்றுக்குள் தானியங்கிப் படிமுறை தன் பணியைத் தொடரும். இச்செயற்கூறு வலையமைப்பையோ திரையையோ தொடாமல், தரப்பட்ட உள்ளீடுகளை மட்டுமே கொண்டு விடைதர வேண்டும். அப்போதுதான் அதனைத் தனித்துச் சோதிக்க முடியும்.

காரணத்தையும் சேர்த்து அனுப்புவதில் ஒரு பயன் உண்டு. 1080பி கேட்டவருக்கு 720பி மட்டுமே கிடைக்கும்போது, "இக்கருவி இதற்கு மேற்பட்ட தரத்தைக் காட்டாது" என இடைமுகம் விளக்கலாம். காரணம் சொல்லப்படாதபோது, பயனர் அதனைச் செயலியின் கோளாறாகவே எண்ணுவார்.

தரத்தை மாற்றும் தருணம்

பயனர் தெரிவை மாற்றும்போது, இடையகத்தில் பழைய தரத்துத் துண்டுகள் காத்திருக்கும். அவற்றை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் உள்ளன.

- உடனடி மாற்றம்: இடையகம் முழுவதையும் அழித்து, நடப்பு நேரப்புள்ளியிலிருந்து புதிய தரத்தில் பெறுதல். மாற்றம் உடனே தெரியும். ஆனால் படம் சற்று நின்று தொடரும்.
- அண்மை மாற்றம்: அடுத்த சில நொடிகளுக்குத் தேவையான துண்டுகளை விட்டுவைத்து, அவற்றுக்குப் பிந்தியவற்றை மட்டும் அழித்தல். படம் நிற்பதில்லை, மாற்றம் சில நொடிகளில் தெரியும்.
- தொலை மாற்றம்: எதையும் அழிக்காமல், இனிமேல் பெறுபவற்றை மட்டும் புதிய தரத்தில் பெறுதல். தரவு வீணாவதில்லை; ஆனால் இடையகம் தீரும் வரை மாற்றம் தெரியாது.

இடையகத்தில் 30 நொடிகள் இருந்து, பிட் வீதம் நொடிக்கு 2.5 மெகாபிட் எனில், முழுவதையும் அழிப்பதால் ஏறத்தாழ 9 மெகாபைட் வீணாகும். தரவைச் சேமிப்பதற்காகத் தரத்தைக் குறைத்த பயனரிடம் இதனைச் செய்வது நோக்கத்திற்கே முரணானது. அத்துண்டுகளுக்கான செலவு ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது, அவற்றின் தரமும் கூடுதலானது. எனவே தரம் இறங்கும்போது தொலை மாற்றமும், ஏறும்போது அண்மை மாற்றமும் பொருத்தமானவை. இறங்கும்போது ஏற்படும் தாமதத்தை இடைமுகம் தெரிவித்தல் நன்று.

பயனர் பட்டியலை அடுத்தடுத்து இருமுறை தொடுவதும் உண்டு. முதல் வேண்டுகோளின் விடை, இரண்டாவதற்குப் பிறகு வந்துசேர்ந்தால் பழைய தெரிவு புதியதை மேலெழுதிவிடும். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஏறுவரிசை எண் ஒன்றைத் தந்து, கடைசி எண்ணுக்குரிய விடையை மட்டும் ஏற்பதன் மூலம் இதனைத் தவிர்க்கலாம்.

வலையமைப்பு மாறும்போது

வீட்டு வை-ஃபையில் பார்க்கத் தொடங்கியவர் வெளியே செல்லும்போது கருவி செல்பேசி வலையமைப்புக்கு மாறுகிறது. அக்கணத்தில் செயலி தீர்மானத்தை மீண்டும் நடத்தியாக வேண்டும். நிகழ்படம் தொடங்கும்போது மட்டும் வலையமைப்பைச் சோதிக்கும் நிரல், செல்பேசித் தரவில் உயர்தரத்தையே தொடர்ந்து இறக்கிக்கொண்டிருக்கும்.

வை-ஃபை என்றாலே கட்டணமற்றது எனக் கொள்வதும் தவறு. இன்னொருவரின் திறன்பேசி வழியாகப் பகிரப்படும் இணைப்பும் கருவிக்கு வை-ஃபையாகவே தோன்றும். இதனால் இணைப்பின் வகையைக் காட்டிலும், அது அளவிடப்படும் இணைப்பா என இயக்கு தளம் தரும் குறிப்பையே நம்புதல் சிறந்தது. ஆண்ட்ராய்டில் 2016இல் வெளியான 7.0 பதிப்பு முதல் தரவுச் சேமிப்பு அமைவும், ஐஓஎஸ் இயக்கு தளத்தில் 2019இல் வெளியான 13ஆம் பதிப்பு முதல் குறைந்த தரவு நிலையும் உள்ளன. இவை இயக்கப்பட்டிருப்பின், பயனர் தன் விருப்பத்தைக் கருவி முழுமைக்கும் ஏற்கெனவே தெரிவித்துவிட்டார் என்றே பொருள்.

தோல்விகளைக் கையாளுதல்

தெரிவுசெய்த படியின் துண்டு வழங்கியில் இல்லாதிருக்கலாம்; குறிநீக்கி தொடங்க மறுக்கலாம். அத்தகைய நிலையில் குறிப்பிட்ட படியை நடப்பு அமர்வுக்கு மட்டும் விலக்கி, தீர்மானிக்கும் செயற்கூற்றை மீண்டும் அழைப்பது வழக்கம். பயனரின் சேமிக்கப்பட்ட விருப்பத்தை இது மாற்றக்கூடாது.

தளங்கள் தரும் வசதிகள்

ஆண்ட்ராய்டில் கூகுள் 2014இல் திறமூலமாக வெளியிட்ட எக்சோபிளேயர், பின்னர் மீடியா3 என்னும் நிரலகத் தொகுதியின் பகுதியாயிற்று. இதில் உயரம், அகலம், பிட் வீதம் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு விதிக்கலாம். குறிப்பிட்ட படியை மட்டும் தெரிவுசெய்யவும் முடியும்.

ஐஓஎஸ் இயக்கு தளத்தின் ஏவிபிளேயர் வேறு அணுகுமுறை கொண்டது. எச்எல்எஸ் ஓடையில் எந்தப் படியைப் பெறுவது என்பதை இயக்கு தளமே முடிவுசெய்கிறது. செயலி, விரும்பத்தக்க உச்சப் பிட் வீதத்தையும் உச்சப் பிரிதிறனையும் மட்டுமே தெரிவிக்கிறது. 2021இல் வெளியான 15ஆம் பதிப்பு முதல், செலவுமிக்க வலையமைப்புகளுக்கெனத் தனி வரம்புகளையும் தரலாம். ஆகவே இரு தளங்களுக்கும் பொதுவான செயலியில், "நிலையான தரம்" என்னும் தெரிவை வாக்களிக்கும் முன்னர் இவ்வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும்.

உலாவிகளில் பரவலாகப் பயன்படும் எச்எல்எஸ்.ஜேஎஸ் நிரலகம், முன்னர் கூறிய மூன்று மாற்றமுறைகளுக்கும் தனித்தனிப் பண்புகளைத் தருகிறது. அவற்றில் படி எண் -1 எனக் கொடுத்தால் தானியங்கித் தீர்மானம் மீளும். தானியங்கித் தீர்மானத்தை நிறுத்தாமல் உச்சவரம்பு மட்டும் விதிக்கவும் அதில் வழியுண்டு.

இத்தகைய வேறுபாடுகளால், செயலியின் பிற பகுதிகள் இயக்கியுடன் நேரடியாகப் பேசாமல், "இவ்வரம்பை விதி", "நடப்புத் தரத்தைச் சொல்" என்னும் சிறிய இடைமுகம் ஒன்றின் வழியாகவே பேசுமாறு அமைப்பது வழக்கம்.

பயனர் இடைமுகம்

பட்டியலில் அந்நிகழ்படத்திற்கு உண்மையில் கிடைக்கும் தரங்கள் மட்டுமே காட்டப்பட வேண்டும். தானியங்கி நிலையில் இருக்கும்போது "தானியங்கி (720பி)" என நடப்புத் தரத்தையும் சேர்த்துக் காட்டுவது பரவலான மரபு.

"480பி" என்னும் எண் பலருக்குப் பொருள் தருவதில்லை. ஆனால் தரவுச் செலவு எல்லோருக்கும் விளங்கும். இந்தியாவை முதன்மையாகக் கருதி கூகுள் உருவாக்கிய யூடியூப் கோ என்னும் செயலி, நிகழ்படம் தொடங்கும் முன்னரே தரத்தைத் தெரிவுசெய்யச் சொல்லி, ஒவ்வொரு தரத்திற்கும் எத்தனை மெகாபைட் செலவாகும் என்பதைக் காட்டியது. 2016இல் அறிவிக்கப்பட்ட இச்செயலி 2022இல் நிறுத்தப்பட்டது. பிட் வீதமும் மீதமுள்ள நேரமும் செயலிக்குத் தெரியுமாதலால், இக்கணக்கை இடுவது கடினமன்று.

பிற வகைப் பயன்பாடுகள்

பின்னர் பார்ப்பதற்காகத் தரவிறக்கம் செய்யும்போது வேகத்திற்கேற்ப மாறும் தேவையில்லை. கருவியின் சேமிப்பிடமே முதன்மைக் காரணி. ஆகையால் தரவிறக்கத் தரம் தனி அமைவாகவே வைக்கப்படுகிறது.

நேரலையில் இடையகம் சிறிதாக இருப்பதால், நிலையான தரத்தைத் தெரிவுசெய்தவரின் படம் எளிதில் நின்றுவிடும். நிகழ்பட அழைப்புகளில் அனுப்புபவரே அக்கணத்தில் குறியாக்கம் செய்வதால், பெறுபவரின் தெரிவை அனுப்புபவருக்கு அல்லது நடுவிலுள்ள வழங்கிக்குத் தெரிவிக்க வேண்டியுள்ளது.

சோதனை

தீர்மானிக்கும் செயற்கூற்றை வெவ்வேறு ஏணிகள், வெவ்வேறு விருப்பங்கள் ஆகியவற்றின் சேர்க்கைகளால் சோதிக்கலாம். குறிப்பாகப் பின்வரும் நிலைகள் தவறாமல் சோதிக்கப்பட வேண்டும்:

- ஒரே ஒரு படி மட்டும் உள்ள நிகழ்படம்
- எல்லாப் படிகளும் விருப்ப வரம்புக்கு மேற்பட்டவை
- நெடுவாக்கு நிகழ்படம்
- பார்க்கும் நடுவில் வை-ஃபையிலிருந்து செல்பேசி வலையமைப்புக்கு மாறுதல்
- அடுத்தடுத்து விரைவாகச் செய்யப்படும் தெரிவுகள்
- செயலியை மூடித் திறந்த பின் விருப்பம் நிலைத்திருத்தல்

தரவுச் சேமிப்பு நிலையில் உண்மையில் எத்தனை மெகாபைட் செலவாயிற்று என்பதை அளந்து பார்ப்பதே இறுதிச் சோதனை எனலாம். திரையில் "480பி" என எழுதியிருப்பது அதற்குச் சான்றாகாது.

தெரிவு யாருடையது என்னும் விவாதம்

தரத்தைத் தீர்மானிக்கும் உரிமை பயனருடையதா, சேவையுடையதா, வலையமைப்பு நிறுவனத்துடையதா என்பது பலமுறை பொது விவாதமாகியுள்ளது. அமெரிக்காவில் டி-மொபைல் நிறுவனம் 2015இல் தொடங்கிய பிஞ்ச் ஆன் திட்டம், நிகழ்படங்களை ஏறத்தாழ 480பி தரத்திற்குள் இயல்பாகவே மட்டுப்படுத்தியது. வேண்டாதவர்கள் அதனை நிறுத்திக்கொள்ளலாம். 2016 மார்ச் மாதத்தில், சில செல்பேசி வலையமைப்புகளின் பயனர்களுக்குத் தான் நொடிக்கு 600 கிலோபிட் என்னும் வரம்பை விதித்து வந்ததை நெட்ஃபிளிக்ஸ் வெளிப்படுத்தியது. பயனர்கள் தரவு வரம்பை மீறிக் கூடுதல் கட்டணம் செலுத்த நேராதிருக்கவே அவ்வாறு செய்ததாக அது விளக்கமளித்தது. எனினும் பயனர்களுக்கு அறிவிக்காமல் செய்தமை கண்டனத்துக்குள்ளாயிற்று. அதே ஆண்டு மே மாதத்தில், செல்பேசித் தரவுப் பயன்பாட்டைப் பயனரே தெரிவுசெய்யும் அமைவு அதன் செயலியில் சேர்க்கப்பட்டது.

2020 மார்ச் மாதத்தில், கொரோனா பெருந்தொற்றால் மக்கள் வீடுகளில் முடங்கியபோது வலையமைப்புகளின் சுமை பெருகியது. ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் தன் பிட் வீதங்களைக் குறைத்தது. யூடியூப் உலகெங்கும் இயல்பிருப்பைச் சாதாரணத் தரமாக மாற்றியது. உயர்தரத்தைப் பயனர் தாமே தெரிவுசெய்யும் வழி இருந்தது. இந்தியாவில், செல்பேசி வலையமைப்புகளில் 480பி தரத்துக்கு மேல் வழங்குவதில்லை என முதன்மைச் சேவைகள் அம்மாதம் 24ஆம் நாள் முடிவெடுத்து, ஏப்ரல் 14 வரை அதனை அறிவித்தன.

இந்நிகழ்வுகள், இயல்பிருப்பை மாற்றுவதற்கும் தெரிவையே நீக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குகின்றன. நிரல் நோக்கில், இவ்வாறான தற்காலிக வரம்புகளைப் பயனரின் விருப்பத்தின் மேல் எழுதாமல், தீர்மானிக்கும் செயற்கூற்றின் இரண்டாம் படிநிலையில் கூடுதல் வரம்பாகச் சேர்ப்பதே முறையாகும். வரம்பு நீங்கும் நாளில் ஒவ்வொருவரின் பழைய விருப்பமும் அவ்வாறே மீண்டும் நடைமுறைக்கு வரும்.

இவற்றையும் பார்க்க

- தகவமைவு ஓடையாக்கம்
- பிட் வீதம்
- நிகழ்படக் கோடெக்
- பிரிதிறன்
- பயனர் இடைமுகம்
- வலையமைப்பு நடுநிலைமை